ஜான்சிராணிப் படையில் ஆயுதம் பழகிய தமிழ்ப் பெண்கள்

பாலிகஞ்சில் வாழும் நம்மவர்க்கு நேதாஜியின் எல்கின் சாலை வீடு தெரிந்த இடம்தான். 1941 ஜனவரியில் அவ்வீட்டிலிருந்து தப்பியவர், 1943 ஜூலையில் சிங்கப்பூரில் பெண்களுக்கென்றே ஒரு காலாட்படையை அறிவித்தார். அதில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் மலேயா ரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள்! அவர்கள் ஆயுதம் பழகிய வரலாற்றைச் சிறிது காண்போம்.

சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் சுமார் 20 பெண்கள், சேலை கட்டியபடியே துப்பாக்கி ஏந்தி நேதாஜிக்கு முதல் அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். ஒரு துப்பாக்கி சுமார் 4 கிலோ. 1943 அக்டோபர் 23-இல் ஏறக்குறைய 170 பேருடன் முறையான பயிற்சி தொடங்கிற்று. துப்பாக்கி, கையெறி குண்டு, பயனெட் என்று படிப்படியாகக் கற்பித்தார்கள். ஆணைகளோ இந்துஸ்தானியில், அதையும் சேர்த்துப் படிக்கவேண்டியதாயிற்று.

சிலர் ப்ரென் கன் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியையும் பழகினர். எடை சுமார் 10 கிலோ. மாகஸின் ஒன்றில் 30 தோட்டா கொள்ளும். இது ஒற்றை ஆள் வேலையல்ல. ஒருவர் சுட, பக்கத்திலிருப்பவர் மாகஸினை மாற்றித் தரவேண்டும். தொடர்ந்து சுட்டுக் குழல் சூடேறிவிட்டால், மாற்றுக் குழலைச் சட்டென்று பொருத்தவேண்டும். கடையில் தராசு பிடிப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒத்துப்போகாவிட்டால் வியாபாரம் நடக்குமா? அதுபோலத்தான் இதுவும். துணைக்கு நிற்பவர் தடுமாறினால் அந்த அணியே தடுமாறும்.

1944 மார்ச் 30-இல் சுமார் 500 பேர் பயிற்சி முடித்து அணிவகுத்தனர். ஏறக்குறைய 200 பேர் செவிலியர் பணிக்குத் தேர்வாயினர். ஒரு பகுதியினர் பர்மா சென்றும், இம்பால் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை.

அப்படியானால் பயிற்சி வீணா? இல்லை என்பேன். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கிடையே நெடுந்தூரம் நடந்தே கடந்தார்கள். அணி குலையாமல் நடக்கவைத்தது அந்தப் பழக்கமே.

கொல்லாமையே பேரறம் என்று வளர்ந்த சமணன் நான். ஆயினும் எங்கள் நெறி, வேண்டுமென்றே செய்யும் கொலையையும், எதிர்த்து வருபவரைத் தடுக்கையில் இல்லறத்தாருக்கு நேரும் இம்சையையும் ஒன்றாக எண்ணுவதில்லை. அந்தப் பெண்கள் கையில் எடுத்ததை அடக்கத்தோடு எடுத்தார்கள். கீழே வைக்கவும் தெரிந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு இன்று ஒரு நினைவுக்கல்கூடக் கிடையாது. நம் பிள்ளைகளுக்கு எல்கின் சாலை வீட்டைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லுவோம்.