கள்ளுக்கடையும் கூட்டமும்

மலாய் நாட்டுத் தோட்டத் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கப்பலைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் ரப்பர் மரத்தைப் பற்றியும் விரிவாக எழுதுகிறார்கள். கள்ளுக்கடையைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. லயத்துக்கு அருகிலேயே தோட்ட நிர்வாகம் கடை நடத்தியது. தொழிலாளி பெற்ற கூலியில் ஒரு பங்கு அன்றே அக்கடைக்குத் திரும்பியது. அந்த லாபத்தைக்கொண்டு அவனுக்கே நன்மை செய்வதாகவும் சொல்லப்பட்டது! இதைவிட வேடிக்கையான தருமம் உலகில் உண்டா என்று நாம் கேட்கிறோம்.

தொழிலாளர் இதை உணராமலில்லை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடும் பிள்ளைகளின் கல்வியோடும் கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்பதும் ஒன்றாக இருந்தது. யுத்தம் முடிந்தபின், 1946-47இல், கெடா மாநிலத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் திரட்டிய தொண்டர் படை தோட்டந்தோறும் சென்று கள்ளை விடச் சொல்லிற்று. கடைவாசலில் மறியல் செய்தது. குடித்தவரைக் கண்டித்தும் தண்டித்தும் திருத்த முயன்றது. 1947இல் போலீசாரோடு நேர்ந்த மோதலுக்குப் பின் அது ஒடுக்கப்பட்டது. அதன் வீரத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆயினும் கடையை மூடுவது ஒன்று, குடியனை மீட்பது மற்றொன்று. தண்டனைக்கு அஞ்சி ஒருநாள் நிறுத்தியவன் மறுநாள் மறைவில் குடிக்கிறான்.

சட்டமும் அப்படியே. 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய அதே தமிழகத்தில், 2003 முதல் சர்க்கார் கம்பெனியே சில்லறைக் கடை வைத்து மது விற்கிறது. சர்க்கார் மாறினால் சட்டம் மாறும். குடிப்பவனுடைய நிலைமை மாறுகிறதா?

நிற்க. குடியர்களே கூடித் தம்மை மீட்டுக்கொள்ள முயன்ற வரலாறு ஒன்று உண்டு. 1840இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்துச் சாராயக்கடை ஒன்றில் கூடிய ஆறு குடியர்கள், இனிக் குடிப்பதில்லையென உறுதி செய்து வாஷிங்டனியர் சங்கம் கண்டனர். அது காட்டுத்தீ போலப் பரவிற்று. சில ஆண்டுகளில் வேறு சச்சரவுகளில் சிக்கி மங்கிற்று. பிறகு 1935இல் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். ஒரு குடியன் மற்றொரு குடியனிடம் தன் கதையை மறைக்காமல் பேசும்போது இருவருக்கும் குடிக்கும் எண்ணம் தணிகிறதென்பதை அனுபவத்தில் கண்டார்கள். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் சங்கம் இவ்வாறு பிறந்தது.

அதன் கூட்டத்தில் சந்தா இல்லை, மாலை மரியாதை இல்லை, முழுப்பெயர் கேட்பாரில்லை. ஆயுள் முழுதும் குடிக்கமாட்டேனென்று சத்தியம் வாங்குவதுமில்லை; இன்று ஒருநாள் குடியாதிரு என்பதே பேச்சு. தவறி விழுந்தவனுக்கும் கதவு திறந்திருக்கிறது. அதன் பன்னிரண்டு படிகளில் கடவுளின் பெயர் வருகிறதே என்று நம் வாசகர் சிலர் கேட்கலாம். அவரவர் அறிந்தபடி கொள்க என்று அவர்களே சொல்லியிருப்பதால், கூட்டத்தையே துணையாகக் கொள்வோரும் உண்டு. முனியாண்டிக்குக் கள்ளும் சுருட்டும் படைத்து, அதே சந்நிதியில் குடியை விடுவதாகக் கயிறும் கட்டிக்கொள்ளும் நம்மவர், கயிறு அறுந்தால் வெட்கத்தால் ஒளிகிறார்கள். அவ்வாறு ஒளிந்தவனை அழைக்கச் சாமி வருவதில்லை, சகமனிதன் வரவேண்டும்.

இது வெறும் ஆசைப் பேச்சன்று. 27 ஆய்வுகளை, பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை, சீர்தூக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடியாதிருப்பதில் இம்முறை மற்றச் சிகிச்சைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ பலன் தருவதாகக் கண்டது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. நிலையம், 1989 முதல் மஞ்சக்குடிக் கிராமத்தில் முகாம் நடத்தி, ஊராரையே சிகிச்சைக்குத் துணையாக்கிற்று.

ஈப்போவின் வடபுறத்து ஜெலாப்பாங்கையும் அதுபோன்ற பட்டண ஓரங்களையும் எண்ணுகிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பேராக்கில் எத்தனையோ குடும்பங்கள் இத்தகைய இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. லயம் போயிற்று, கள்ளின் இடத்தில் மலிவான சம்சுவும் வந்தது. தோட்டத்தில் அடுத்த வீட்டாருக்குத் தெரிந்த துன்பம், இங்கே சாத்திய கதவுக்குள் மனைவி மக்களோடு கிடக்கிறது.

இங்கே செய்யவேண்டியது யாது? நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும். அங்கேயே கூட்டம் எங்கே நடக்கிறதென்று விசாரிக்கவேண்டும். குடும்பத்தாருக்கும் 1951இல் அமைந்த ‘அல்-அனான்’ என்னும் தனிச் சங்கம் உண்டு, அதையும் கேட்கலாம். தமிழில் பேசும் கூட்டம் பக்கத்தில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். ஆக்ரனில் இருந்தவர்கள் இருவரே. பள்ளிக்கூடத்து அறையோ, படிப்பகமோ, வாரத்தில் ஒருமணி நேரம் போதும். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தல் போடத் தெரிந்த நம் சமூகம், குடியை விட விரும்பும் இருவருக்கு இரண்டு நாற்காலி போட்டுக்கொடுக்காதா?