பிரித்தானியக் காப்பீட்டுச் சந்தையில் ஒப்பீட்டு இணையதளங்கள்: தோற்றமும் ஒழுங்குமுறையும்

ஆய்வுச்சுருக்கம்

பிரித்தானியாவில் காப்பீட்டுக் கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்கள் நுகர்வோரின் தேடல் சுமையைக் குறைத்தன. எனினும் அவை வளர்த்த போட்டி, புதிதாக வாங்குவோரை மையமிட்டே அமைந்தது. ஒரே நிறுவனத்தில் தொடர்ந்தோரின் நலனைக் காக்கச் சட்டத் தலையீடு தேவைப்பட்டது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பீட்டு இணையதளம், காப்பீடு, தரகு, நுகர்வோர் நலன், ஒழுங்குமுறை.

முன்னுரை

நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்பது வாங்குவோரின் பழைய வழக்கம். காப்பீட்டில் அது எளிதன்று. வயது, வாகனம், வசிப்பிடம், விபத்து வரலாறு ஆகியவற்றுக்கேற்பக் கட்டணம் ஆளுக்காள் மாறுபடும். எனவே ஒவ்வொரு நிறுவனத்திடமும் அதே விவரங்களைத் திரும்பத் திரும்பக் கூற வேண்டியிருந்தது. இச்சுமையைத் தாம் ஏற்க முன்வந்தவையே ஒப்பீட்டு இணையதளங்கள்.

தோற்றமும் வருவாய் முறையும்

1985இல் தொடங்கப்பட்ட டைரக்ட் லைன் நிறுவனம், தொலைபேசி வழியே வாகனக் காப்பீட்டை நேரடியாக விற்றுத் தரகரின் இடத்தைச் சுருக்கியது. இணையமோ புதுவகை இடையாளரைக் கொணர்ந்தது. 1999இல் மணிசூப்பர்மார்க்கெட் தளம் தொடங்கப்பட்டது. 2002இல் கார்டிஃப் நகரைச் சேர்ந்த அட்மிரல் குழுமம் கன்ஃப்யூஸ்ட்.காம் தளத்தைத் தொடங்கியது. 2006இல் வேல்ஸின் நியூபோர்ட்டிலிருந்து கோகம்பேர் வந்தது.

இவற்றைப் பயன்படுத்த நுகர்வோர் கட்டணம் செலுத்துவதில்லை. விற்பனையாகும் ஒவ்வொரு காப்பீட்டுக்கும் காப்பீட்டு நிறுவனமே தளத்திற்குத் தரகு வழங்குகிறது. அட்மிரல் தானே ஒரு காப்பீட்டு நிறுவனம் என்பதும் கருதத்தக்கது. நுகர்வோரின் வழிகாட்டியாக அறிமுகமான தளம், விற்போரின் பணத்தில் இயங்கியது.

விலைச் சமநிலை நிபந்தனை

இம்முரண் ஒப்பந்தங்களில் வெளிப்பட்டது. தம் தளத்தில் தரும் விலையைவிடக் குறைந்த விலைக்குப் பிற தளங்களில் விற்கக் கூடாது எனச் சில தளங்கள் நிபந்தனை விதித்தன. இந்நிலையில், குறைந்த தரகு கேட்கும் தளத்தால்கூட அதன் பயனைக் குறைந்த விலையாக நுகர்வோருக்குத் தர இயலாது. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2014 செப்டம்பரில் வெளியிட்ட தன் இறுதி அறிக்கையில் இதனைக் குறைகூறியது. 2015இல் தனியார் வாகனக் காப்பீட்டில் இத்தகைய நிபந்தனைகளைத் தடைசெய்தது.

வீட்டுக் காப்பீடு அவ்வாணையின் வரம்புக்குள் வரவில்லை. அத்துறையில் இதே நிபந்தனையை விதித்ததற்காகக் கம்பேர் த மார்க்கெட் தளத்திற்கு 2020 நவம்பரில் 1.79 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. போட்டியின் மீதான பாதிப்பு போதிய அளவில் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறிப் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 ஆகஸ்டில் அம்முடிவை நீக்கியது. நிபந்தனையின் தீங்கை ஊகிப்பது எளிது. வழக்கில் நிறுவுவது அரிது என்பதை இது காட்டுகிறது.

தொடர்வோர் செலுத்திய விலை

விலை வரிசையில் முதலிடம் பெற முதலாண்டுக் கட்டணத்தைக் குறைத்து, புதுப்பிக்கும்போது ஆண்டுதோறும் உயர்த்தும் வழக்கம் காப்பீட்டு நிறுவனங்களிடையே பரவியிருந்தது. ஆண்டுதோறும் ஒப்பிட்டு மாறுவோர் பயனடைந்தனர்; நிறுவனத்தை நம்பித் தொடர்ந்தோர் கூடுதலாகச் செலுத்தினர். 2017 ஏப்ரல் முதல் புதுப்பித்தல் அறிவிப்பில் முந்தைய ஆண்டுக் கட்டணத்தையும் காட்டுமாறு நிதி நடத்தை ஆணையம் விதித்தது.

ஆயினும் சிக்கல் நீங்கவில்லை. 2018இல் 60 இலட்சம் காப்பீட்டாளர்கள் தம் இடர்நிலைக்குரிய சராசரிக் கட்டணத்தைச் செலுத்தியிருந்தால் 120 கோடி பவுண்டு மிச்சமாகியிருக்கும் என அதே ஆணையம் 2019இல் மதிப்பிட்டது. 2022 ஜனவரி 1 முதல், வாகன, வீட்டுக் காப்பீடுகளில் புதிய வாடிக்கையாளருக்குரிய விலையைவிட அதிகமாகப் புதுப்பிப்போரிடம் கேட்பது தடைசெய்யப்பட்டது.

முடிவுரை

ஒப்பீட்டுத் தளங்கள் விலையை வெளிப்படையாக்கின. ஆனால் அவ்வெளிப்படைத்தன்மை, ஒப்பிட நேரமும் பழக்கமும் உடையோருக்கே முழுமையாகப் பயன்பட்டது. 2017இன் தகவல் விதியிலிருந்து 2022இன் விலை விதிக்கு ஒழுங்குமுறை நகர்ந்தமை, தகவல் மட்டும் நுகர்வோரைக் காக்கப் போதாது என்பதற்குச் சான்றாகிறது.