அழகர் ஏன் கோட்டைக்குள் வரவில்லை?
மதுரைக்கு வந்துபோகும் வழக்கத்தின் வரலாறு குறித்து

சித்திரைத் திருவிழா பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் ஒன்றாக இணைத்தவர் யார், எதற்காக இணைத்தார் என்பதே அந்தக் கேள்வி. திருமலை நாயக்கர் என்று விடை சொல்லி, அவருடைய அரசியல் நோக்கங்களுக்குள் நுழைந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மாட்டைப் பூட்டி, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு மதுரைக்கு வந்து, மூன்று நாலு நாள் தங்கி, வேண்டியதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய குடியானவர்கள் இந்த ஆய்வுகளில் ‘கூட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒடுங்கிப்போகிறார்கள். அவர்களுடைய வந்துபோகும் வழக்கமே முதலில் விளக்கப்பட வேண்டியது என்பது என் கருத்து. விழாவின் இன்றைய வடிவம் அந்த வழக்கத்தை ஒட்டி அமைந்தது என்றும் கருதுகிறேன்.

இந்த விவாதத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தவர் ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன். 1970களின் இறுதியில் சிவன், மீனாட்சி, திருமால் பற்றிய மதுரைப் பொதுமக்கள் கதையை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1982இல் மதுரையின் இரண்டு சித்திரை விழாக்களைப் பற்றி இன்னொன்று எழுதினார். அவருடைய முதன்மையான கவனிப்பு இன்றும் மறுக்க முடியாதது: நடப்பது ஒரே விழா அல்ல, இரண்டு விழாக்கள். தங்கையின் கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு வந்த அழகர், கல்யாணம் முடிந்துவிட்டதென்று அறிந்து, கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூர் போய்விட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. கோயில் முறையில் இதற்கு இடமே இல்லை. மீனாட்சியைத் தாரைவார்க்க வருபவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர்கோயில் மரபோ, துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன முனிவருக்கு மோட்சம் தரவே அழகர் வருகிறார் என்கிறது. கல்யாணம் அங்கே பேச்சிலேயே இல்லை. பிரிந்து கிடந்த இரண்டையும் மக்கள் கதை ஒட்டவைக்கிறது, ஒட்டவைக்கும்போதே ஒட்டாமையையும் காட்டிக்கொடுக்கிறது என்று ஹட்சன் வாசித்தார். கோபித்துத் திரும்பும் அண்ணனில் சைவ வைணவ இடைவெளியும் நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள இடைவெளியும் வெளிப்படுவதாக அவர் கண்டார்.

அழகான வாசிப்புதான். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அழகர் உள்ளே வராததை அது ஒரு குறையாக, முறிவாக எடுத்துக்கொள்கிறது. விருந்தாளி உள்ளே வந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து தொடங்குகிறது. மதுரைக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்து தங்கினார்களா என்று ஹட்சன் கேட்கவில்லை. அவரைப் பின்பற்றியவர்களும் கேட்கவில்லை.

பழைய சான்று ஒன்றை இங்கே நினைவுபடுத்த வேண்டும். மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துப் பேசுகிறது. கோட்டை வாயிலில் ஓயாமல் போய்வரும் மக்கள் வரத்தை வையையின் நீரோட்டத்தோடு ஒப்பிடுகிறது. வந்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்பது அதில் தெளிவில்லை. சிலப்பதிகாரத்தில் தெளிவாக இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். ஊர்காண் காதையில் கோவலன் மட்டும் தனியே கோட்டைக்குள் போய், வீதி வீதியாகப் பார்த்துவிட்டு, தங்கியிருந்த இடத்துக்கே திரும்பி வருகிறான். அதன் பிறகுதான் கண்ணகிக்கு மாதரியின் வீட்டில் அடைக்கலம் கிடைக்கிறது. வெளியே தங்கு, பகலில் உள்ளே போய்ப் பார், திரும்பி வா என்ற ஒழுங்கு அந்தக் காப்பியம் எழுந்த காலத்திலேயே கேட்பவருக்குப் பழக்கமானதாக இருந்திருக்க வேண்டும். புலவர் அதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. இதற்கும் நாயக்கர் காலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. அந்த ஒழுங்கு அறுபடாமல் வந்ததென்று நிறுவ இது போதாது. ஆனால் மதில் உள்ளவரை அதற்கான காரணமும் இருந்தது என்பதை மறுக்க முடியாது. பூட்டிவந்த மாட்டைக் கோட்டைக்குள் எங்கே கட்டுவது? தண்ணிக்கும் தீனிக்கும் எங்கே போவது? ஆற்று மணலில் இடமும் இருந்தது, ஊற்றும் இருந்தது.

இப்போது தேனூருக்கு வருகிறேன். ஐங்குறுநூறு பெயர் சொல்லும் பழைய ஊர் அது. மதுரைக்கு மேற்கே, வைகையின் வடகரையில் இருக்கிறது. அழகர் முன்பு ஆற்றில் இறங்கியது அங்கேதான் என்பதும், மலையிலிருந்து அலங்காநல்லூர் வழியாக அவர் தேனூருக்குப் போனார் என்பதும் வட்டாரத்தில் உறுதியாகச் சொல்லப்படும் வழக்கு. தொ. பரமசிவன் 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்த ‘அழகர் கோயில்’ நூலில் இந்த விழாவையும் அதில் கலந்துகொள்ளும் சாதிகளையும் தமிழில் முதன்முறையாக முழுமையாக ஆராய்ந்தார். அவருக்குப் பிறகு எழுதுகிறவர் யாரும் அந்த நூலைத் தொடாமல் ஓர் அடி வைக்க முடியாது. இடமாற்றத்தைத் திருமலை நாயக்கரோடு சேர்த்துப் பேசுவதில் அவரும் பொதுக்கருத்தோடுதான் நிற்கிறார்.

நான் கவனிக்கச் சொல்வது வண்டியூருக்கு அருகே வைகைக்குள் நிற்கும் மண்டபத்தை. முனிவருக்குச் சாபவிமோசனம் நடப்பது அதில்தான். அதன் பெயர் தேனூர் மண்டபம். தேனூரோ நகருக்கு மேற்கே இருக்கிறது, வண்டியூரோ கிழக்கே. நடுவில் முழு மதுரை. ஆற்றின் மேற்பகுதியில் நடந்த சடங்கு, நகரைத் தாண்டிக் கீழ்ப்பகுதிக்கு வந்திருக்கிறது. வரும்போது தன் ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. தேனூர்க்காரர்களுக்கு அந்த மண்டபத்தில் இன்றும் முதல் மரியாதை உண்டு. தேனூரிலும் அதே சமயம் அவர்களுடைய சுந்தரராஜப் பெருமாள் ஆற்றில் இறங்குகிறார்.

அரசன் ஒருவன் அரசியல் கணக்குப் போட்டு விழாவை இடம் மாற்றினான் என்று மட்டும் சொன்னால் இந்த ஏற்பாட்டின் பாதியைத்தான் விளக்க முடியும். நகரின் விழாவோடு இணைப்பது மட்டுமே நோக்கமென்றால் கோயிலுக்கு நேர் வடக்கே, கோட்டை வாசலுக்கு எதிரே உள்ள துறையோடு நிறுத்தியிருக்கலாம். கிழக்கே வண்டியூர்வரை ஏன் இழுக்க வேண்டும்? நகரை அருகிலிருந்து பார்த்தபடி, அதன் விளிம்போடு நெடுகச் சென்று, ஓரிடத்தில் இராத்தங்கித் திரும்பும் பாதையாக இது அமைந்திருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த நாட்டுப்புறத்தார் நடக்கும் பாதையும் இதுதான். தேனூர் மண்டபத்தை நான் இப்படி வாசிக்கிறேன்: பழைய இடத்து உரிமைக்காரர்களும் சேர்ந்து நகரின் பக்கம் நகர்ந்தார்கள், அவர்கள் உரிமை பறிபோகாமல் மண்டபமாக எழுந்து நின்றது. இதையே அரசன் கொடுத்த ஈட்டுத்தொகை என்றும் வாசிக்க இடமுண்டு. அப்படி வாசித்தாலும், ஈடு கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டிய அளவுக்குப் பலமான வழக்கம் ஒன்று ஏற்கனவே இருந்தது என்பதுதான் கிடைக்கிறது.

இராத்தங்கல் என்றேன். கதையின் இன்னொரு வடிவம் இங்கே முக்கியம். கோபித்துக்கொண்ட அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் இரவு தங்குகிறார் என்று மக்கள் சொல்வார்கள். சடங்குப்படி அவர் தங்குவது வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில். ஆய்வாளர்கள் இந்தக் கதையைச் சமயக் கலப்பின் அடையாளமாகவே பார்த்துவந்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. எனக்கு இதில் படுவது வேறொன்று. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஊர் ஓரத்தில் தங்க ஒரு வீடு வேண்டும், அங்கே உரிமையுள்ள ஒருத்தி வேண்டும் என்று கதை நினைக்கிறது. கல்யாண வீட்டில் கோபம், ஊர் ஓரத்தில் உறவு. வழியெல்லாம் இதே கவனம் தெரிகிறது. மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, திருவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையை வாங்கிச் சூடிக்கொள்ளுதல், பௌர்ணமியில் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குதல், இராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், சேதுபதி மண்டபத்தில் பூப்பல்லக்கு, அப்புறம் மலைக்குத் திரும்புதல். இடையிடையே நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். எங்கே இளைப்பாறுவது, யார் உபசரிப்பது, எந்த இராத்திரி எங்கே என்று ஒன்றுவிடாமல் வகுத்த பயணத்திட்டம் இது. கூடவே வருகிறவர்களும் அதே மண்டகப்படிகளில் பானகமும் நீர்மோரும் வாங்கிக் குடித்து, அதே கரையில் படுத்து எழுகிறார்கள். திரி எடுப்பவர், தோல்பையில் நிரப்பிய தண்ணீரைத் துருத்தியால் பீய்ச்சுகிறவர், சர்க்கரைச் செம்பில் சூடம் ஏற்றி நிற்கும் பெண்கள், முடியிறக்கிய பிள்ளைகள் எல்லாரும் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்கள். அழகர் சுந்தரேசுவரர் கோயிலுக்குப் போவதே இல்லை. அவர் வருவது தம் ஆட்களோடு. தங்குவதும் தம் ஆட்கள் தங்கும் இடத்தில்.

காலக் கேள்வி சிக்கலானது. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்ததென்றும் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார் என்றும் பரவலாக எழுதப்படுகிறது. சித்திரையிலும் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது என்பது இதற்குத் துணையாகக் காட்டப்படும் முதன்மைச் சான்று. வலுவான குறிப்புதான், ஆனால் ஆண்டைத் தராது. அவர் ஆட்சி 1623 முதல் 1659 வரை நீண்டது. புதுமண்டபம், மகால், வண்டியூர்த் தெப்பக்குளம் எல்லாம் அந்த முப்பத்தாறு ஆண்டுகளுக்குள் எழுந்தவை. மாற்றம் அவற்றுக்கு முன்னா பின்னா என்பதில் முடிவாக எதுவும் சொல்லும் நிலையில் நாம் இல்லை. மாசியில் அறுவடையும் களத்து வேலையும் முடியாததால் தேர் இழுக்க ஆள் வரவில்லை, அதனால்தான் மாற்றினார்கள் என்று மதுரையில் ஒரு விளக்கம் வழங்குகிறது. ஆய்வாளர்கள் இதை ஒரு துணுக்குச் செய்தியாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதுவே மையமான செய்தி. அரண்மனையின் நாட்காட்டி சம்சாரியின் ஓய்வுக்கு வளைந்து கொடுத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நெல் வீட்டுக்கு வந்தபின், கையில் நாலு காசு புரளும்போது, மாட்டுக்கும் வேலையில்லாத வெயில் காலத்தில், ஆறு வற்றி மணல் விரிந்து கிடக்கும்போதுதான் மதுரைக்கு வர முடியும். சித்திரையை ஒட்டி மாட்டுச்சந்தையும் கூடியது தற்செயல் அல்ல.

இதற்குப் பிந்திய வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இராணி மங்கம்மாள் (1689–1706) பெயரால் வழங்கும் சத்திரம், வழிப்போக்கருக்குத் தங்க இடம் தந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது; வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அந்த இடத்தில் வந்தன. அந்தக் கலெக்டரின் நினைவாக நிற்கும் விளக்குத்தூணைச் சுற்றித்தான் இன்று ஊர்நாட்டார் கல்யாணத்துக்குத் துணியெடுக்கிறார்கள். 1875இல் திருச்சியிலிருந்து இரயில் வந்தது, மறு ஆண்டு தூத்துக்குடிவரை நீண்டது. 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டபின் ஆற்றைக் கடக்க மணலில் இறங்க வேண்டிய தேவை குறைந்தது. பிறகு பேருந்துகள், சினிமாக் கொட்டகைகள், 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர், தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி. மாட்டுச்சந்தை கூடிய மாட்டுத்தாவணியில் 1999 முதல் பேருந்து நிலையம் இயங்குகிறது. மதில் போனதும் உள்ளே வெளியே என்ற பிரிவு மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை என்பதே வியப்பு. கல்யாணம் பார்க்க வருகிறவர்களுக்குச் சித்திரை வீதியும் மாசி வீதியும். அழகரைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தல்லாகுளமும் ஆற்றங்கரையும். ஹட்சன் கண்ட இரண்டு விழாக்கள் இரண்டு சமயங்களைக் காட்டுவதைவிட, மதுரைக்கு வருகிற இரண்டு விதங்களையே அழுத்தமாகக் காட்டுகின்றன.

2020, 2021 ஆண்டுகளில் தொற்றுக் காலத்தில் நடந்ததை இதற்கு எதிராகக் காட்டலாம். அழகர் மதுரைக்கு வரவில்லை. 2021இல் ஆற்றில் இறங்கும் சடங்கு மலைக்கோயில் வளாகத்துக்குள்ளேயே செய்யப்பட்டது. கூட்டமில்லாமலும் விழா நடக்க முடியும் என்றால், கூட்டத்தின் வழக்கம் எப்படி விழாவுக்கு மூலமாகும் என்று கேட்கலாம். சடங்கு நடந்தது உண்மை. ஆனால் அதை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் திருவிழா வந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஆறு கொள்ளாத கூட்டம் வந்து, நெரிசலில் இரண்டு உயிர்கள் போயின.

என் வாசிப்பை உறுதிப்படுத்தவோ கவிழ்க்கவோ வல்ல சான்று மண்டகப்படி உரிமைகளில்தான் இருக்கிறது. எந்த மண்டகப்படி எந்த ஊருக்கு, எந்தக் குடும்பத்துக்கு, எப்போது கிடைத்தது என்று வரிசைப்படுத்தினால், 1875க்கு முன்பும் பின்பும் யார் எந்தத் திசையிலிருந்து வந்து எங்கே தங்கினார்கள் என்பது தெரியவரும். வடக்கும் கிழக்கும் ஆற்றங்கரையிலேயே தங்கிவிட, இரயில் ஏறி வந்த தெற்கு நேராக ஊருக்குள் இறங்கியது என்று நான் ஊகிக்கிறேன். மண்டகப்படிகளின் காலவரிசை இதற்கு மாறாக அமைந்தால், திருமலை நாயக்கரை மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கும்.