இறுக்கமும் நெகிழ்வும்: சால்மன் தூண்டிலின் வரலாறு



வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை மணிமுடிகளும் போர்க்களங்களுமே. ஆனால் மனிதன் கையில் எடுத்த சிறு கருவிகளுக்கும் வரலாறு உண்டு. அவன் எதை விரும்பினான், எதற்கு அஞ்சினான், எந்த இடத்தில் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டான் என்பனவற்றை அவை நமக்குச் சொல்லும். அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது சால்மன் மீனைப் பிடிக்கும் தூண்டில்.

சில ஆண்டுகளுக்கு முன், கனடாவில் வாழும் என் மகனைக் காணச் சென்றிருந்தேன். அந்நாட்டின் மேற்குக் கரையை ஒட்டி வான்கூவர் தீவு கிடக்கிறது. அத்தீவின் கீழ்க்கரையில் கேம்பெல் ரிவர் என்னும் ஊர் உள்ளது. அதே பெயருடைய ஆறு அங்கே கடலில் கலக்கிறது. கோடைக் காலத்தின் பிற்பகுதியில் சினூக் என்னும் பெரிய சால்மன் மீன்கள் அந்த ஆற்றுவாயில் வந்து கூடுகின்றன. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டு மடிவது இம்மீனின் வாழ்க்கை. 30 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள சினூக்கை அவ்வூரார் 'டையீ' என்று அழைக்கின்றனர். அக்கரையோர மக்களின் பழைய வணிகக் கலப்புமொழியில் அச்சொல்லுக்குத் 'தலைவன்' என்பது பொருள்.

மெதுவாகச் செல்லும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துக்கொண்டு போவதே அங்கு மீன்பிடிக்கும் முறை. இதனை நாம் இழுவைத் தூண்டில் எனலாம். இம்முறை ஐரோப்பியர் கொண்டுவந்தது அன்று. அக்கரையின் தொல்குடி மக்கள், நீண்டு வளரும் கடற்பாசியின் தண்டைப் பதப்படுத்திக் கயிறாக்கினர். மரத்தண்டில் எலும்புக் கூரைக் கட்டி முள்ளாக்கினர். மரத்தோணியைத் துடுப்பால் செலுத்தியவாறே அதனை நீரில் இழுத்துச் சென்றனர். நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் பொருள்களை மாற்றினார்களேயன்றி, முறையை மாற்றவில்லை.

மாறிய பொருள்களுள் முதலாவது போலி இரை. 1852ஆம் ஆண்டில் ஜூலியோ பூயல் என்னும் அமெரிக்கர், கரண்டியின் குழிப்பகுதியைப் போன்ற பளபளப்பான உலோகத் தகட்டில் முள்ளைப் பொருத்தி, அதற்குக் காப்புரிமை பெற்றார். படகில் உணவருந்தும்போது அவர் கையிலிருந்து நழுவிய கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியது கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அத்தகடு நீரில் சுழன்று ஆடும்போது காயமுற்ற சிறுமீனைப் போலத் தோன்றும் என்பது உண்மை. அவ்வாறு சுழலும்போது நூலும் முறுக்கேறும் அன்றோ? அதனைத் தடுக்கவே நூலுக்கும் இரைக்கும் இடையே சுழல்வளையம் வைக்கப்பட்டது. வளையத்துக்கு அப்பால் இரை வரை உள்ள துண்டை நுனிக்கயிறு என்போம். அது தடித்திருந்தால் இரையின் ஆட்டம் கெடும். மெலிந்திருந்தால் மீனின் பல்லுக்கும் பாறைக்கும் ஈடுகொடாது. ஆகவே நுனிக்கயிற்றைத் தேர்வதிலேயே இடைவழி காணும் பயிற்சி தொடங்கிவிடுகிறது.

அடுத்து உருளையின் கதைக்கு வருவோம். நூலைச் சுற்றி வைக்கும் இவ்வுருளையை ஆங்கிலேயர் ரீல் என்பர். பழைய உருளைகளில் மீன் நூலை இழுத்து ஓடினால், கைப்பிடியும் பின்னோக்கி வேகமாகச் சுழலும். பிடித்திருப்பவரின் விரல் முட்டிகள் அடிபட்டுக் குருதி வழியும். ஓட்டத்தைத் தடுக்க வேண்டுமானால், சுழலும் நூலின்மீது தோல் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கலிபோர்னியாவின் கேட்டலினா தீவில் 1898இல் சூரைமீன் பிடிப்போர் கழகம் ஒன்று தோன்றியது. அதன் உறுப்பினர் வில்லியம் போஷன் என்பவர் இத்துன்பத்துக்கு ஒரு வழி கண்டார். ஜூலியஸ் வாம் ஹோஃப் என்னும் கைவினைஞர் அதனைக் கருவியாகச் செய்து தந்தார். உருளைக்குள் வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டன. கைப்பிடியின் அருகே விண்மீன் வடிவான சிறு சக்கரம் அமைந்தது. சக்கரத்தைத் திருகினால் தகடுகள் நெருங்கி உராய்வு மிகும், தளர்த்தினால் குறையும். மீன் ஓடும்போது கைப்பிடி அசையாது நிற்க, உருளை மட்டும் அளவோடு நூலை விட்டுக்கொடுக்கும். அந்த உருளையைக் கொண்டே 1913இல் போஷன் 355 பவுண்டு எடையுள்ள வாள்மீனைப் பிடித்தார். விட்டுக்கொடுக்கும் அளவை மனிதன் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு இவ்வாறு பிறந்தது.

இந்தக் கேட்டலினாக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1924ஆம் ஆண்டில் கேம்பெல் ரிவரில் டையீ கழகம் நிறுவப்பட்டது. அதன் விதிகளை உற்று நோக்குங்கள். இயந்திரம் கூடாது, துடுப்பால் செலுத்தும் படகே வேண்டும். உயிர் இரை கூடாது. போலி இரையே வேண்டும். முள் ஒன்றே இருத்தல் வேண்டும். அதில் மீன் நழுவாதபடி தடுக்கும் எதிர்முள் இருத்தல் கூடாது. நூல் தாங்கும் பளு 20 பவுண்டுக்கு மேற்படலாகாது. இவ்விதிகளின்படி 30 பவுண்டு மீனைப் பிடிப்பவரே கழகத்தில் உறுப்பினராகலாம்.

இவ்விதிகளின் நுட்பம் எனக்கு உடனே விளங்கவில்லை. அனுமதிச் சீட்டுப் பெற்று, முதிய படகோட்டி ஒருவரின் படகில் ஒரு மாலை ஏறி அமர்ந்தேன். துறையை விட்டுப் புறப்படுமுன், அவர் நூலின் நுனியை ஒரு வில்தராசில் மாட்டி இழுத்தார். தராசு 5 பவுண்டு காட்டியபோது உருளை நூலை விடத் தொடங்கியது. விண்மீன் சக்கரத்தை அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டு, "இனி இதனைத் தொடாதீர்கள்" என்றார். 20 பவுண்டு தாங்கும் நூலுக்கு 5 பவுண்டுப் பிடிப்பா என்று வியந்தேன். நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே தகும் என்றார் அவர்.

காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். மீன் ஓட ஓட உருளையில் சுற்றியுள்ள நூல் குறைகிறது; சுற்றின் விட்டமும் குறைகிறது. தகடுகளின் உராய்வு மாறாதிருக்க, விட்டம் பாதியானால், நூலை வெளியே இழுக்க இருமடங்கு விசை வேண்டும். எனவே தொடக்கத்தில் 5 பவுண்டாக இருந்த பிடிப்பு, நாம் தொடாமலே 10 பவுண்டாகிவிடுகிறது. நீரில் கிடக்கும் நீண்ட நூலின் தடையும், வளைந்த கோலின் வளையங்களில் நூல் உராய்வதும் அதனோடு சேர்கின்றன. முடிச்சோ நூலின் வலிமையில் ஒரு பகுதியைக் குறைத்துவிடுகிறது. மீன் தொலைவில் ஓடும்போது பிடிப்பைத் தளர்த்துவதே அறிவு. பதறிய மனமோ இறுக்கவே தூண்டும்.

அன்று மாலை எனக்கு நேர்ந்ததும் அதுவே. கோல் சட்டென்று வளைந்தது. உருளை அலறியது. நூறு கஜத்துக்கு மேல் நூல் ஓடிவிட்டது. 'போய்விடுமே' என்னும் அச்சத்தில், சொன்ன சொல்லை மறந்து, சக்கரத்தை இரண்டு முறை திருகினேன். மறுகணம் கோல் நிமிர்ந்து நின்றது. நூல் காற்றில் ஆடியது. படகோட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மௌனமாகத் துடுப்பை வலித்தார்.

கரை சேரும் வரை எனக்கு நினைவில் நின்றவன் ஒரு மாணவன். நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், அடிக்கடி பள்ளிக்கு வாராத சிறுவன் அவன். அவன் விலக விலக நான் தண்டனையைக் கூட்டினேன். ஒருநாள் அவன் வரவேயில்லை, பிறகும் வரவில்லை. பயிற்சிக் கல்லூரியில் கற்ற பாடம் எதுவும் அன்று எனக்குத் துணைநிற்கவில்லை. முற்றிலும் தளர்த்தியிருந்தால் அவன் நின்றிருப்பானோ எனில், அதுவும் இல்லை. எதிர்முள் இல்லாத தூண்டிலில் நூல் ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் முள்ளை உதறிவிடும். மெல்லிய நூல் 'மிக இறுக்காதே' என்கிறது. எதிர்முள் இல்லாத முள் 'தொய்ய விடாதே' என்கிறது. டையீ கழகத்தார் அவ்விரு விதிகளையும் ஒருங்கே வைத்ததன் நுட்பம் எனக்கு அப்போதே புலப்பட்டது. 1968இல் அந்த நீரில் 71½ பவுண்டு மீன் ஒன்று பிடிபட்டது. அத்தகைய மீனை வெல்வது நூலின் வலிமையன்று. விட்டுப் பிடிக்கும் பொறுமையே.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். தூண்டிலின் அளவறிந்த அதே ஆற்றில், பிறிதோர் அளவு தவறியது. 1947இல் கேம்பெல் ஆற்றின் குறுக்கே மின்சாரத்திற்காக ஜான் ஹார்ட் அணை எழுந்தது. மேலிருந்து உருண்டு வரும் கூழாங்கற்களை அணை தடுத்தது. சால்மன் முட்டையிடுவதோ அக்கூழாங்கற்களின் இடையே. பின்னாளில் மனிதரே கற்களைக் கொணர்ந்து ஆற்றில் கொட்ட வேண்டியதாயிற்று. அவ்வூர் நீதிபதியும் தூண்டிற்கலை நூல்கள் பல எழுதியவருமான ரோடரிக் ஹேய்க்-பிரவுன், 1976இல் மறையும் வரை ஆற்றுக்காகவும் மீனுக்காகவும் வாதாடி வந்தார். நுனிக்கயிற்றின் பருமனைக் கணக்கிட்டவர்கள், ஆறு தாங்கும் பளுவையும் கணக்கிட வேண்டும் என்பதே அவரது வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.

மாணவர்களே, கருவியின் வலிமையைப் பெருக்குவது அறிவின் ஒரு பாதி. அவ்வலிமைக்கு எல்லை வகுப்பது மற்றொரு பாதி. எலும்பு முள் முதல் விண்மீன் சக்கரம் வரை நீண்டு வந்த இந்தச் சிறு வரலாறு, அந்த இரண்டாவது பாதியையும் கற்றவர்களின் வரலாறு.