காரைக்காலுக்கு எத்தனை கட்டம்?

பொட்டி தட்டுறவங்களுக்குப் பழகின வேலைதான். ஒரு அர்ரேயில் நாலு பெயர். எல்லாத்துக்கும் பின்னாடி ஸ்பேஸ் சேர்த்து, ஒரே நீளமாக்கி, பத்தி பத்தியா அச்சடிக்கணும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்னு நம்ம யூனியன் பிரதேசத்தின் நாலு பகுதிகளையே எடுத்துக்குவோம். ஆங்கிலத்துல சமர்த்தா நேரா நிக்கும். தமிழ்ல கோணல்மாணல். ஏன்னு பார்த்தா கதை ரொம்பப் பழசு.

1928ல் ஐபிஎம் 80 பத்தி துளை அட்டையைக் கொண்டு வந்தது. ஒரு பத்திக்கு ஒரு எழுத்து. சின்னப் பெயர்னா மிச்சம் காலி. 1960ல் வந்த கோபால் மொழி (நம்மூர் கோபால் இல்லீங்க) அதையே விதியாக்கிச்சு: 20 இடம்னு அறிவிச்சா, மிச்சத்தை அதுவே ஸ்பேஸால நிரப்பிடும். 1970களின் சி மொழியும் அதே வழியில பைட்டை எண்ணி நிரப்பிச்சு. ஒரு பைட்டு, ஒரு எழுத்து, ஒரு கட்டம், மூணும் ஒண்ணுங்கற நம்பிக்கைதான் இதுக்கெல்லாம் அஸ்திவாரம்.

1991ல் யூனிகோடு வந்தப்போ, தமிழுக்கு க தனி, கால் தனி, புள்ளி தனி. அதனால 'காரைக்கால்' நமக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 10 குறி, யுடிஎஃப்-8ல் 30 பைட்டு. பைத்தான் 3 குறிகளை எண்ணும். 12க்கு நிரப்பச் சொன்னா, காரைக்காலுக்கு 2 ஸ்பேஸ், மாஹேவுக்கு 8. எழுத்துக்கு ஒரு கட்டம்னு வெச்சா முதலாவது 7ல் முடியும், அடுத்தது 10ல். கோணலின் ரகசியம் இவ்வளவுதான்.

வேடிக்கை என்னன்னா, பழைய தமிழ் டைப்ரைட்டருக்கு இது தெரிஞ்சிருந்தது. புள்ளிக்கு நகரா விசை. அடிச்சா புள்ளி விழும், காகிதம் நகராது. அடுத்து அடிக்கிற க அதே இடத்துல உக்காந்து 'க்' ஆகும்.

தமிழுக்கு மட்டும் வந்த சோதனைன்னும் நினைக்க வேண்டாம். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரங்க மொழியில மாஹே 4 எழுத்து. கடைசி எழுத்துக்கு மேல ஒரு கோடு இருக்கறதால யுடிஎஃப்-8ல் 5 பைட்டு. அவங்க வரிசையும் சரியும்.

பத்தி கோணினா கண்ணுக்குத்தான் உறுத்தல். வெட்டினாதான் ஆபத்து. 20 பைட்டு இடத்துல 'காரைக்கால்' போட்டா 18 பைட்டுல 'காரைக்' வரும். மீதி 2 பைட்டு அடுத்த க-வின் உடைஞ்ச துண்டு. அந்த இடத்துல ஊர் பேருக்குப் பதிலா ஒரு ஆளோட பேர் இருந்தா? ரேஷன் அட்டைக்கும் சான்றிதழுக்கும் அவர்தான் அலையணும்.

2010ல் தமிழக அரசு ஏற்ற டேஸ்16ல் எழுத்துக்கு ஒரு குறி, காரைக்கால் 5தான். ஆனா அதுலயும் ர ஒல்லி, ணை குண்டு. எண்ணிக்கை சரியானாலும் அகலம் ஒத்துப்போகாது. அதனால வெட்டும்போது முழு எழுத்தா எண்ணுங்க. ஸ்விஃப்ட் மொழி 2014லிருந்து தானாவே அப்படித்தான் எண்ணுது. அடுக்கும்போது ஸ்பேஸை விட்டுட்டு டேபிள் போடுங்க. துளை அட்டை போயாச்சு, அதோட கட்டக் கணக்கு மட்டும் நமக்கெதுக்கு?