புல்லை என்ன செய்வதாக உத்தேசம்?

புல் வெட்டுவதில் என்ன பெரிய சரித்திரம் இருந்துவிடப் போகிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இருக்கிறது. ஒரு துணி ஆலை, ஒரு முன்னாள் கடலோடி, கோடிக்கணக்கான டாலர் வழக்கு, நிறைய வியர்வை, கொஞ்சம் ரத்தம். எல்லாமே இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு விவசாயி. கையில் டிராக்டர் இருக்கிறது. பத்து ஏக்கர் நிலம். பாதி நல்ல புல்வெளி. மீதி புதரும் முள்ளும் கல்லும். டிராக்டரின் பின்னால் மாட்டுவதற்கு ஒரு மோயர், அதாவது புல்வெட்டி, வாங்கக் கிளம்புகிறார். கடைக்காரர் நாலைந்து வகைகளைக் காட்டுகிறார். எல்லாமே புல் வெட்டும். ஆனால், விலை மலைக்கும் மடுவுக்கும்!

எதை வாங்குவது? கேட்டலாக்கைப் புரட்டுமுன் கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினால் விடை சுலபமாகக் கிடைத்துவிடும். வாருங்கள், புரட்டுவோம்.

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்று ஓர் ஊர். கம்பளித் துணிக்குப் பேர்போன இடம். நெய்து முடித்த துணியின் மேல் பிசிறு பிசிறாக நூல் நீட்டிக்கொண்டிருக்குமல்லவா? அதைச் சீராக வெட்டி எடுக்க அங்கே ஒரு மெஷின் இருந்தது. உருளை ஒன்றில் சுருள் சுருளாகக் கத்திகள். அதைப் பார்த்த எட்வின் பட்டிங் என்கிற மெக்கானிக்குக்கு ஒரு யோசனை. துணியில் பிசிறு வெட்டும் கத்தி தரையில் புல் வெட்டாதா?

வெட்டியது. 1830-ல் காப்புரிமை வாங்கினார். அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்களே என்று ராத்திரியில்தான் மெஷினை ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு முன்னால் இங்கிலாந்துப் பிரபுக்களின் புல்தரையை ஆட்கள் அரிவாளால் செதுக்கினார்கள். இல்லாவிட்டால் ஆடு மேய்த்தார்கள். பட்டிங் மெஷினின் குறிக்கோள் ஒன்றே ஒன்றுதான். வெட்டிய பிறகு தரை பார்க்க அழகாக இருக்கவேண்டும். வெட்டிய புல் எக்கேடு கெட்டால் என்ன?

அடுத்த ஆசாமிக்கு நேர் எதிரான கவலை. தரை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வெட்டியது முழுசாக வேண்டும்!

குளிர்தேசங்களில் உலர்புல் என்பது உயிர்ப் பிரச்னை. கோடையில் புல்லை வெட்டி, வெயிலில் காயவைத்து, பத்திரப்படுத்தினால்தான் குளிர்காலம் முழுக்க மாடும் குதிரையும் உயிரோடு இருக்கும். வெட்டிப் போட்ட புல்மீது மழை பெய்தால் போச்சு. ஆகவே, வெயில் அடிக்கிற சில நாள்களுக்குள் மொத்தத்தையும் வெட்டியாக வேண்டும். ஆள் உயரக் காம்பு வைத்த அரிவாளால் ஒருவர் நாள் முழுக்க வீசினால் சுமாராக ஒரு ஏக்கர்.

இந்தக் கட்டத்தில் வருகிறார் ஓபெட் ஹஸ்ஸி. இளமையில் கடலோடி. 1833-ல் ஒஹையோவில் தன் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, அந்த வருடக் கடைசியில் காப்புரிமையும் வாங்கினார். சலூனில் முடி வெட்டும் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பற்கள். அவற்றின் நடுவே முக்கோணக் கத்திகள் இடமும் வலமுமாக ஓடும். கத்தரிக்கோல் வெட்டு. தானியத்தைவிடப் புல்லுக்கு இது இன்னும் பொருத்தம். அடியோடு நறுக்கும். புல் நசுங்காமல் படுத்துக்கொள்ளும்.

போட்டிக்கு சைரஸ் மெக்கார்மிக். 1834-ல் காப்புரிமை வாங்கியவர். சும்மா சொல்லக்கூடாது, வியாபாரத்தில் புலி. சிகாகோவில் தொழிற்சாலை, தவணைமுறை விற்பனை, விளம்பரம் என்று வெளுத்துக் கட்டினார். ஹஸ்ஸிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஆனால், ஈரப் புல் பற்களுக்குள் சிக்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க 1847-ல் அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அபாரமானது. அதைத் தன்னைக் கேட்காமல் பயன்படுத்தியதாக மெக்கார்மிக்மீது வழக்குப் போட்டு, ஜெயிக்கவும் செய்தார். பாவம், அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1860-ல் ரயில் பயணத்தில் ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவர இறங்கியவர், திரும்ப ஏறும்போது தவறி விழுந்து, சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார்.

அவர் கத்தி மட்டும் சாகவில்லை. சிக்கிள் பார் என்ற பெயரில் இன்றும் கடைகளில் நிற்கிறது.

ஆனால், அதில் ஒரு சிக்கல் இருந்தது. குதிரை இழுக்கும், சக்கரம் சுற்றும், சக்கரம்தான் கத்தியை ஓட்டும். அடர்ந்த புல்லில் குதிரை மெதுவாக நடந்தால் கத்தியும் மெதுவாகிவிடும். எங்கே பலம் தேவையோ அங்கேதான் பலம் குறையும்!

டிராக்டர் வந்த பிறகுதான் இதற்கு விமோசனம். 1918-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, எஞ்சினின் சக்தியை ஒரு தண்டு மூலம் பின்னால் கொண்டுவந்து கொடுத்தது. பி.டி.ஓ. என்பார்கள். டிராக்டர் ஊர்ந்தாலும் கத்தி தன் வேகத்தில் சுற்றலாம்.

அடுத்து ஹாரி ஃபெர்குசன் என்கிற அயர்லாந்துக்காரர். கருவியைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுக்காமல், மூன்று புள்ளிகளில் பிணைத்து, ஹைட்ராலிக் சக்தியால் தூக்கி இறக்கலாம் என்று காட்டியவர். 1938-ல் ஹென்றி ஃபோர்டும் அவரும் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கைகுலுக்கலுக்கு ரசீது ஏது? ஃபோர்டின் பேரன் காலத்தில் உறவு முறிந்தது. ஃபெர்குசன் 25 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமாதானமானார். அவர் பெயரைத் தாங்கிய மாஸி ஃபெர்குசனோடு கைகோத்துத்தான் 1960-ல் சென்னையில் டாஃபே பிறந்தது. நம்மூர் டிராக்டர் கலப்பையைத் தூக்குகிறதே, அதே மூன்று புள்ளிதான்.

சக்தி வந்துவிட்டது. பிணைப்பும் வந்துவிட்டது. இனி கத்தரிக்கோலே தேவையில்லை என்று சிலருக்குத் தோன்றியது. கனமான இரும்புக் கத்தியைப் பயங்கர வேகத்தில் சுழற்றினால் போதாதா? 1951-ல் அலபாமாவின் செல்மா நகரில் புஷ் ஹாக் கம்பெனி அதைத்தான் செய்தது. பெயருக்கு அர்த்தம், புதர்ப்பன்றி. கண்ணில் பட்டதை எல்லாம் தின்னும். நமக்கு ஜெராக்ஸ் மாதிரி, அமெரிக்கக் கிராமங்களில் யார் செய்த சுழல்வெட்டியும் புஷ் ஹாக்தான். தரையும் அழகாக வேண்டாம், புல்லும் வேண்டாம். புதர் ஒழிந்தால் சரி.

இதில்தான் ரத்தம். அந்தக் காலத்துப் பல டிராக்டர்களில் க்ளட்சை மிதித்தாலும் கனத்த கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வேகம் தண்டு வழியே திரும்ப வந்து, டிராக்டரையே முன்னால் தள்ளும். எதிரே வேலியோ ஓடையோ இருந்தால் அதோகதிதான். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒருபக்கம் மட்டும் இழுக்கும் க்ளட்ச் ஒன்றைத் தண்டில் மாட்டித்தான் தப்பித்தார்கள். பழைய டிராக்டர் என்றால் இன்றும் அது கட்டாயம். கத்தி முனையின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். மாட்டிய கல் 90 மீட்டர்கூடப் பறக்கும். பி.டி.ஓ. தண்டோ நிமிஷத்துக்கு 540 சுற்று. சட்டை நுனி சிக்கினால் ஒரு வினாடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். கையை உருவிக்கொள்ள நேரம் கிடைக்காது. ஆகவே, தண்டின்மேல் மூடி இல்லாத மெஷினை ஓசியில் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

இப்போது நம் விவசாயியிடம் திரும்புவோம். அவர் முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். புல்லை என்ன செய்வதாக உத்தேசம்?

மாட்டுக்குப் போடவா? ஹஸ்ஸி வாரிசு. சிக்கிள் பார் குறைந்த சக்தியில் ஓடும். கல்லும் எறும்புப் புற்றும் அதற்கு ஆகாது. பெரிய பண்ணை, அவசர வேலை என்றால் டிஸ்க் மோயர். விலை எகிறும், வேலை பறக்கும். வீட்டு வாசலில் அழகாக வேண்டுமா? பட்டிங் கனவு கண்ட மாதிரி நெருக்கமாக வெட்டும் ஃபினிஷ் மோயர். புதரும் முள்ளுமாகக் கிடக்கிறதா? சுழல்வெட்டி. மரக்கட்டையில் மோதினால் கத்தி மடங்கிக்கொள்ளும். சாலையோரம், தோப்பு, ஆள் நடமாட்டம் உண்டா? ஃபிளெய்ல் மோயர். உருளையில் ஊசலாடும் சின்னச் சின்னக் கத்திகள் பொடிப்பொடியாக்கும். கல் பறப்பது குறைவு, செலவு அதிகம்.

அப்புறம் சக்திக் கணக்கு. சுழல்வெட்டிக்கு ஓர் அடி அகலத்துக்கு ஐந்து குதிரைசக்தி என்பது பொதுவான கணக்கு. ஐந்தடிக்கு 25. விளம்பரத்தில் போடுகிற எஞ்சின் சக்தியைப் பார்க்காதீர்கள், பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வதைப் பாருங்கள். மொத்த லாபமும் நிகர லாபமும் ஒன்றா என்ன? அகலம் பின்சக்கரங்களின் தடத்தை மூடவேண்டும். பின்பக்கம் பாரம் ஏறி, முன்சக்கரம் அந்தரத்தில் தூக்காமல் இருக்க முன்னால் எடை கட்டவேண்டும்.

அழகுக்கு ஒன்று, தீவனத்துக்கு ஒன்று, அழிப்பதற்கு ஒன்று. இருநூறு வருடமாக மனிதர்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கத்தி செய்துவந்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே மெஷின் செய்யும் என்று கடைக்காரர் சத்தியம் செய்தால், சிரித்த முகத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.