மேக்புக்ல விண்டோஸ் ஓடுமா? இ.எம்.ஐ போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

முதல் மாச சம்பளம் வந்தாச்சு. ஒரகடத்துல வேலை, பக்கத்துலயே நாலு பேரோட ரூம். அடுத்த கனவு, ஒரு மேக்புக். இ.எம்.ஐ-யும் ரெடி. அப்போதான் ஒரு சீனியர் கேட்பார், "தம்பி, நம்ம சாஃப்ட்வேர் அதுல ஓடுமா?"

கேள்வி நியாயமானதுதான். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2012-ல டெய்ம்லர்னு வளர்ந்த பெல்ட் இது. டிசைன், ஆட்டோமேஷன், மெயின்டனன்ஸ் வேலைகளுக்கான சாஃப்ட்வேர்கள்ல பெரும்பாலானவை விண்டோஸுக்காகவே எழுதப்பட்டவை. சுங்குவார்சத்திரம் பக்கத்துல இருக்கிற ஃபாக்ஸ்கான்ல 2022-ல ஐபோன் 14 தயாரிப்பே தொடங்கிடுச்சு. ஆனா, ஆப்பிள் பொருள் இங்கேயே தயாராகுதுங்கிறதுக்காக, நம்ம வேலைக்கான எல்லா சாஃப்ட்வேரும் ஆப்பிள் கம்ப்யூட்டர்ல ஓடிடாது.

இதுக்கு ஒரு வழி இருக்கு. பேரு, விர்ச்சுவல் மெஷின்.

ஒரே வீடு, ரெண்டு போர்ஷன்

உங்க ஹவுஸ் ஓனர் என்ன செய்றார்? கீழே அவர் இருந்துக்கிட்டு, மாடி போர்ஷனை உங்களுக்கு வாடகைக்கு விடுறார். கதவு தனி, சமையல் தனி. ஆனா, மேல இருக்கிற தண்ணி டேங்க் ஒண்ணுதான். நீங்க நிறைய செலவு பண்ணினா அவருக்குக் குறையும்.

விர்ச்சுவல் மெஷினும் இதேதான். மேக்தான் ஹவுஸ் ஓனர். அதுக்குள்ள ஒரு விண்டோவுல விண்டோஸ் குடியேறும். மெமரியும் ஸ்டோரேஜும் பொதுவான டேங்க். ரெண்டு பேரும் பகிர்ந்துக்கணும்.

முதல்ல சிப்பைப் பாருங்க

மேக்ல இடது மேல் மூலையில இருக்கிற ஆப்பிள் மெனுவுல 'அபவுட் திஸ் மேக்' போனா, சிப் பேரு தெரியும்.

இன்டெல்னு இருந்தா அது பழைய மாடல். அதுல 'பூட் கேம்ப்' மூலமா விண்டோஸை நேரடியாவே போட்டுக்கலாம். 2006-ல வந்த வசதி இது.

எம்1, எம்2, எம்3, எம்4னு இருந்தா கதை வேற. 2020 நவம்பர்ல எம்1-ல ஆரம்பிச்ச இந்த வரிசை சிப்களுக்கு பூட் கேம்ப் கிடையாது. விர்ச்சுவல் மெஷின்தான் வழி. அதுலயும் சாதாரண விண்டோஸ் ஏறாது, 'ஆர்ம்' வகை சிப்களுக்கான விண்டோஸ் 11 வேணும். வழக்கமான விண்டோஸ் சாஃப்ட்வேர்களை அது உள்ளுக்குள்ள மொழிபெயர்த்து ஓட்டும். அதனால நிறைய புரோகிராம்கள் ஓடிடும். நிறையன்னுதான் சொன்னோம், எல்லாம்னு சொல்லலை. அதை ஞாபகம் வெச்சுக்கங்க.

எதைப் போடலாம்?

பேரலல்ஸ் டெஸ்க்டாப்: காசு கட்டணும். ஆனா, ரொம்ப ஈஸி. விண்டோஸை அதுவே டவுன்லோடு பண்ணி இன்ஸ்டால் பண்ணிடும். எம் வரிசை மேக்ல விண்டோஸ் 11-ஐ ஓட்ட 2023 பிப்ரவரியில மைக்ரோசாஃப்ட்டே இதுக்கு அங்கீகாரம் கொடுத்தது. ட்ரையல் பார்த்துட்டு முடிவெடுக்கலாம்.

விஎம்வேர் ஃப்யூஷன்: 2024 நவம்பர்ல இருந்து எல்லாருக்கும் இலவசம், ஆபீஸ் உபயோகத்துக்கும் சேர்த்து. பட்ஜெட் இல்லாதவங்க இதுல ஆரம்பிக்கலாம்.

யூடிஎம்: இதுவும் அவங்க சைட்ல இலவசம். கொஞ்சம் நோண்டத் தெரிஞ்சவங்களுக்கு.

க்ராஸ்ஓவர்: இது விர்ச்சுவல் மெஷின் இல்லை. விண்டோஸே இல்லாம, விண்டோஸ் புரோகிராமை மட்டும் ஓட்டப் பார்க்கும். காசு கட்டணும். சில புரோகிராம்களுக்கு அருமை, பலதுக்கு சொதப்பல்.

ஒரு விஷயம்: ஃப்யூஷன் இலவசம்னா விண்டோஸும் இலவசம்னு அர்த்தம் இல்லை. விண்டோஸ் லைசென்ஸ் தனியா வாங்கணும்.

போடும்போது கவனிக்க வேண்டியவை

- விண்டோஸ் 11-க்குக் குறைஞ்சபட்சம் 64 ஜிபி இடம், 4 ஜிபி மெமரி வேணும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுது. சாஃப்ட்வேருக்கும் ஃபைலுக்கும் சேர்த்து 100 ஜிபி காலியா வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க. 256 ஜிபி மேக்ல இது எவ்வளவு பெரிய துண்டுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.
- மெமரியில பாதிக்கு மேல விண்டோஸுக்குக் கொடுக்காதீங்க. 16 ஜிபி மேக்னா 8 கொடுக்கலாம். 8 ஜிபி மேக்னா ரெண்டு பக்கமும் திணறும்.
- விண்டோஸ் ஏறினதும் பேரலல்ஸ் டூல்ஸ் அல்லது விஎம்வேர் டூல்ஸை இன்ஸ்டால் பண்ணணும். அப்போதான் ஸ்க்ரீன் சைஸும் நெட்வொர்க்கும் ஒழுங்கா வரும்.
- புது சாஃப்ட்வேர் போடுறதுக்கு முன்னாடி ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்துடுங்க. ஏதாவது குளறுபடி ஆனா, ஒரே க்ளிக்ல பழைய நிலைக்குப் போயிடலாம்.

எங்கே மாட்டுவீங்க?

டிசைன் ஆளுங்க கவனிக்க: சாலிட்வொர்க்ஸ், கேட்டியா ரெண்டுக்கும் மேக் வெர்ஷன் கிடையாது. எம் சிப் மேக்ல விர்ச்சுவல் மெஷின் வழியா ஓட்டினா, கம்பெனியோட அதிகாரபூர்வ சப்போர்ட் இல்லை. சின்ன பார்ட்டை வரைஞ்சு பழகலாம். நூத்துக்கணக்கான பார்ட் இருக்கிற அசெம்ப்ளியை நம்பித் திறக்காதீங்க.

பி.எல்.சி, மெயின்டனன்ஸ் ஆளுங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். விண்டோஸ் புரோகிராமை மொழிபெயர்க்கிற அந்த வித்தை, டிரைவர்களுக்குச் செல்லாது. யூஎஸ்பி கேபிளுக்கும் லைசென்ஸ் டாங்கிளுக்கும் ஆர்ம் சிப்புக்குன்னே எழுதின டிரைவர் இருக்கணும். பழைய மெஷின்களோட கேபிள்கள் பலதுக்கும் அது இருக்காது. சாஃப்ட்வேர் அழகா திறக்கும், கேபிளை மட்டும் கண்டுக்காது. நைட் ஷிஃப்ட்ல ரெண்டு மணிக்கு லைன் நின்னு, சூப்பர்வைசர் பின்னாடி நிக்கும்போது இது தெரியவந்தா எப்படி இருக்கும்?

கேமர்களுக்கு ஒரு வரி: வேலரன்ட் மாதிரி ஏமாத்துறதைக் கண்டுபிடிக்கிற காவல் புரோகிராம் இருக்கிற கேம்கள் விர்ச்சுவல் மெஷின்ல ஓடாது.

விண்டோஸே தேவைப்படாமலும் போகலாம்

ஆட்டோகேடுக்கு மேக் வெர்ஷன் இருக்கு. ஆட்டோடெஸ்க் ஃப்யூஷனும் மேட்லேபும் மேக்லயே ஓடும். ஆன்ஷேப், பிரவுசர்லயே ஓடுற டிசைன் சாஃப்ட்வேர். எக்ஸெல் இருக்கு. ஆனா, ஆக்டிவ்எக்ஸ் பட்டன் வெச்ச பழைய ஷீட்கள் மேக்ல வேலை செய்யாது, பவர் பிஐ டெஸ்க்டாப்பும் கிடையாது.

இன்னொரு வழி, ஆபீஸ்ல இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டரையே மேக்ல இருந்து பார்க்கிறது. மைக்ரோசாஃப்ட்டோட 'விண்டோஸ் ஆப்' இதுக்குத்தான். ஐ.டி டீம் அனுமதி கொடுத்தா, விர்ச்சுவல் மெஷின் தொல்லையே இல்லை.

அனுமதின்னதும் ஞாபகம் வருது. கம்பெனி டிராயிங்கை சொந்த லேப்டாப்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஐ.டி டீம்கிட்ட கேட்டுடுங்க. ஸ்டூடன்ட் லைசென்ஸ்ல கம்பெனி வேலை பார்க்காதீங்க. 'க்ராக்' வெர்ஷன் பக்கமே போகாதீங்க. அதோட வர்ற வைரஸ், பென்டிரைவ் வழியா ஷாப் ஃப்ளோர் வரைக்கும் போச்சுன்னா, கேள்வி உங்ககிட்டதான் வரும். ட்ரெய்னியா இருக்கிறப்போ அந்தக் கேள்வி வேலைக்கே உலை வைக்கும்.

கடைசியா, வாங்கலாமா வேண்டாமா?

ஒரு பேப்பர் எடுங்க. வாரத்துக்கு நீங்க தொடுற சாஃப்ட்வேர் எல்லாத்தையும் எழுதுங்க. விண்டோஸ்ல மட்டும் ஓடுறதுக்குப் பக்கத்துல டிக் போடுங்க. ஒண்ணு ரெண்டுதான், அதுவும் எப்பவாவதுதான்னா, தாராளமா மேக் வாங்கி விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கங்க. பாதிக்கு மேல டிக் விழுந்தாலோ, கேபிளை மாட்டி மெஷினோட பேச வேண்டிய வேலைன்னாலோ, நல்ல விண்டோஸ் லேப்டாப்தான் சரி.

ஏற்கெனவே மேக் வாங்கிட்டீங்களா? கவலைப்படாதீங்க. முதல்ல ஃப்யூஷனைப் போட்டு, உங்க வேலைக்கு முக்கியமான அந்த ஒரு சாஃப்ட்வேரை மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. செட் ஆகலைன்னா, சைட் வேலைக்கு மட்டும் ஒரு செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் லேப்டாப் போதும்.

டெஸ்ட் பண்ணிட்டு வாங்குறதுக்கு ஒரு வாரம்தான் ஆகும். வாங்கிட்டு வருத்தப்பட்டா, கடைசி இ.எம்.ஐ வரைக்கும் கட்டிக்கிட்டே வருத்தப்படணும்!